மறுமுறை கேட்காதவர்

எட்டு நாட்கள் நான் தினகரனாக இருந்தேன். என் பெயர் கருணாகரன்.

கொல்லிமலையில் செம்மேடு பஸ் நிறுத்தத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது, என்னைக் கூட்டிப்போக வந்திருந்த அவர் என் பெயரைக் கேட்டார். நான் சொன்ன அதே நொடியில் நாமக்கல் பஸ் ஹாரன் அடித்தது. பாதிதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் "என்னங்க?" என்று இன்னொரு தடவை கேட்டிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. காதில் விழுந்த பாதியோடு தானாக ஒரு பாதியைச் சேர்த்துக்கொண்டு, "வாங்க தினகரன் சார், போலாமுங்க" என்று நடக்கத் தொடங்கிவிட்டார். திருத்தலாம் என்று வாயெடுப்பதற்குள் இருபதடி தள்ளிப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் "கருணாகரன் சார்" என்று கூப்பிட்டார். அவர் போனில் இருந்த கணக்கெடுப்புச் செயலியின் உதவிப் பக்கத்தில் என் பெயர் இருந்ததைப் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டு நாட்கள் வேறொருவனாக இருந்தது நான் இல்லை என்பதுபோல நடந்துகொண்டார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மலையில் எல்லோரும் அவரை சர்வே அக்கா என்றார்கள், நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலையிலேயே குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதிக்காரர். ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கொல்லிமலையின் வீடுகளில் உடல்நலக் கணக்கெடுப்பு செய்துகொண்டிருந்தார். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய், எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நாற்பத்திரண்டு கேள்விகள். முன்பெல்லாம் காகிதத்தில் எழுதியதை அந்த வருடம் போனுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தச் செயலியை எழுதியவன் நான். கோயம்புத்தூரில் எட்டுப் பேர் மட்டுமே இருந்த ஒரு கம்பெனியில் வேலை. களத்தில் அது எப்படி ஓடுகிறது என்று பார்த்து வர, மூன்று வாரத்துக்கு என்னை மலைக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. கையில் ஒரு மடக்கிய குடை, நாய்களுக்காக. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் பால் பாக்கெட் உறையில் சுற்றிய போன். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், ஒரு மிளகுத் தோட்டம், குச்சிக்கிழங்கு என்று அவர்கள் சொல்லும் மரவள்ளிக் காடு ஒன்று என்று இருக்கும். அவர் நடப்பதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனாலும் வாசல் கட்டையில் சாய்ந்து நிற்பாரே தவிர உட்கார மாட்டார். நின்றபடியே அந்த வீட்டு முறத்தில் கிடக்கும் மொச்சைக் காயை எடுத்து உரிக்கத் தொடங்கிவிடுவார். கேள்வி ஒன்று கேட்பார். பிறகு வாயைத் திறக்க மாட்டார். எதிரில் இருப்பவர் பேசப் பேச, அந்த ஒரு கேள்விக்குள் ஆறு கேள்விகளின் பதில் வந்து விழும். மொச்சை உரிந்து முடியும்போது படிவமும் முடிந்திருக்கும்.

"வரிசைப்படி ஒவ்வொண்ணா கேக்கணும் அக்கா" என்று முதல் நாள் சொன்னேன்.

"அவங்க சொல்லிட்டாங்களேங்க. சொன்னத எதுக்குக் கேக்கோணும்?"

இது கேள்வித்தாளோடு நிற்கும் பழக்கம் அல்ல என்பது எனக்குச் சீக்கிரமே தெரிந்தது. சோளக்காடு என்ற ஊரில் ஒரு மளிகைக் கடை. ஒரு நாள் திரும்பும் வழியில் அங்கே நின்று ஒரு பாக்கெட் உப்பு கேட்டார். கடைக்காரர் போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா நின்றார். குடையால் தரையில் தட்டிக்கொண்டே நின்றார். இரண்டு பேர் பின்னால் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் நடையைக் கட்டினார்.

"அக்கா, உப்பு?"

"அவருக்குக் கேட்டுருச்சுங்க."

நான் திரும்பிப் போய் வாங்கி வந்தேன். கடைக்காரர் சிரித்தார். "அந்தம்மாவுக்கு வீம்பு சார். ஒருக்காத்தான் கேக்கும். உப்பில்லாம வேணும்னாலும் தின்னும்."

வீம்பு என்றுதான் நானும் நினைத்தேன், வாசலூர்பட்டிப் பக்கம் அந்த வீட்டுக்குப் போகும்வரை.

அந்த வீட்டில் ஓர் இளம் தாய். முற்றத்தில் உட்கார்ந்து சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா முறத்தின் மறுபக்கத்தில் குனிந்து நின்று, தானும் கல் பொறுக்கத் தொடங்கினார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"மூணுங்க" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டுதான் இருக்குது."

இந்தப் பதில் வந்தால் செயலி புதிதாக ஐந்து கேள்விகளைத் திறக்கும். என்ன வயதில், என்ன நோய், எங்கே, யார் உடன் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எவ்வளவு நேரம் ஆனது. அவற்றை எழுதியது நான் இல்லை, திரையில் வரிசையாக அடுக்கியது நான். அக்கா அவற்றைக் கேட்கவே இல்லை. "என்ன கண்ணு ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் தலைநிமிராமல் சொன்னாள். காய்ச்சல், மழை, ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஜீப் வராதது, கடைசியில் மடியிலேயே. சொல்லி முடித்ததும் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான்.

கடைசிக் கட்டம் ரேஷன் கார்டைப் படம் எடுப்பது. அக்கா கேமராவைத் திறந்தார், எடுத்தார், சரி என்று அழுத்தினார். திரை ஒரு கணம் வெள்ளையானது. பிறகு வந்தது: "வணக்கம். புதிய படிவத்தைத் தொடங்கவும்."

நாற்பத்திரண்டு பதில்களும் இல்லை.

எனக்குச் சட்டென்று விஷயம் புரிந்துவிட்டது. மலிவான போன்களில் இடம் குறைவு. கேமரா மாதிரி பெரிதாக ஒன்று எழுந்து வந்தால், பின்னால் காத்திருக்கும் செயலியைப் போன் சத்தமில்லாமல் மூடிவிடும். திரும்பி வரும்போது செயலி புதிதாகத் திறக்கும். விட்ட இடத்தை அது எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் அங்கேயே போய் நிற்கும். என் செயலி எழுதி வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் "சேமி" என்று அழுத்தினால்தான் எழுதும். அதுவரை எல்லாவற்றையும் நினைவிலேயே வைத்திருக்கும். என் போன் விலை கூடியது, அதில் ஒருமுறைகூட இப்படி நடந்ததில்லை. ஆனால் நடக்கும் என்று எனக்குத் தெரியும். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலில் "பாதிப் படிவத்தைச் சேமித்தல்: பிறகு" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

"போச்சு" என்றேன். பிறகு, கூசாமல், "மறுபடி ஒருதடவை கேட்டுருங்க அக்கா. அஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். போனை உறையில் சுற்றிப் பையில் போட்டார். "வாரேன் சாமி" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார்.

நான் பின்னால் ஓடினேன். "அக்கா, படிவம் போயிருச்சு. ஒண்ணுமே பதிவாகல."

"எனக்கு ஞாபகம் இருக்குதுங்க."

படகுத்துறை ஏரிக்கு மேலே ஒரு பாறை. அங்கே சிக்னல் கிடைக்கும். அதன் மேல் ஏறி நின்றுகொண்டு நாற்பத்திரண்டையும் நிரப்பினார். எடுத்த கார்டுப் படம் போனிலேயே தங்கியிருந்தது, அதைத் தேடி எடுத்துச் சேர்த்தார். எங்கும் தடுமாறவில்லை. கீழே சுற்றுலா வந்தவர்கள் படகில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

திரும்பும்போதுதான் அதைச் சொன்னார். நான் கேட்கவில்லை. நடந்துகொண்டே, எனக்கு முன்னால் பாதையைப் பார்த்தபடியே சொன்னார். அவருடைய கணவர் கிழங்கு லாரியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வளைவில் லாரி சாய்ந்திருக்கிறது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"பேரென்ன, வயசென்ன, எப்பிடி ஆச்சு, எத்தன மணிக்குன்னு வாசல்ல ஒருத்தரு கேட்டாருங்க. சொன்னேன். உள்ள ஒரு அம்மா கேட்டுச்சு. சொன்னேன். அப்பறம் போலீஸ்காரரு. மூணாவது தடவ சொல்லறப்ப எனக்கு வேற ஆரோ செத்த மாதிரி இருந்துச்சுங்க. மனப்பாடமா வருது. அழுகையே வல்ல. இன்னிக்கு வரைக்கும் சரியா அழுவலீங்க."

கொஞ்ச தூரம் போனபின் அவரே நின்றார். என் பக்கம் திரும்பி, போன் இருந்த பையைத் தொட்டுக் காட்டினார்.

"இது ஏனுங்க மறக்குது? மறக்காம பண்ண முடியாதுங்களா?"

"முடியும் அக்கா. பாத்துச் செஞ்சு தரேன்."

"சரிங்க" என்றார்.

அவர் கேட்ட அந்த ஒரு தடவை அதுதான்.

நான் செய்யவில்லை. செய்யக் கூடாது என்று இல்லை. அந்த வாரம் வேறொன்று வந்தது. களப்பணியாளர்கள் அனுப்பும் படிவங்களைத் தொண்டு நிறுவனத்தின் சூப்பர்வைசர் கம்ப்யூட்டரில் ஒரு இணையப் பக்கத்தில் பார்த்து, குறிப்பு எழுதி, ஏற்பார் அல்லது திருப்பி அனுப்புவார். ஒரு நாள் அவர் நீளமான குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் டீ குடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினால், "மீண்டும் உள்நுழையவும்" என்று சொல்லி எழுதியது அத்தனையையும் பக்கம் விழுங்கிவிட்டது. அவர் என் முதலாளிக்கு அடுத்தடுத்து நான்கு தடவை போன் போட்டார். முதலாளி எனக்குப் போட்டார். அன்று மாலைக்குள் அதைச் சரிசெய்தேன். தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அப்போதைக்கப்போதே உலாவியில் பதிந்துகொள்ளும்படி, கரண்ட் போனாலும் திரும்பி வந்து விட்ட சொல்லிலிருந்து தொடரும்படி எழுதினேன். சூப்பர்வைசர் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரே கோளாறுதான். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நான்கு தடவை போன் செய்தார். மலையில் நடந்தவர் ஒரு தடவை கேட்டார். அவர் மறுபடி கேட்காததால் அவருக்கு அது பெரிய தொல்லை இல்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது வாரம் நான் செம்மேட்டில் தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்திலேயே இருந்துவிட்டேன். அக்கா தனியாக நடந்துகொண்டிருந்தார். போகிற வீடெல்லாம் செயலி மறந்துகொண்டிருந்தது. அவர் யாரிடமும் மறுபடி கேட்கவில்லை. நாள் முழுக்கக் கேட்டதை மனதில் சுமந்து வந்து, சாயங்காலம் அந்தப் பாறையில் நின்று ஒவ்வொன்றாக நிரப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். வரைபடத்தில் அக்காவின் படிவங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. முப்பத்தேழு புள்ளிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஏரிக்கு மேலே ஒரே இடத்தில். ஒவ்வொன்றும் நான்கு நிமிடத்துக்குள் நிரப்பப்பட்டது.

"பாத்தீங்களா? ஒரே எடத்துல நின்னு எல்லாத்தையும் அடிச்சு விட்டிருக்காங்க. ஊடு ஊடாப் போகவே இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் யாரோ மரத்தடியில் உட்கார்ந்து எழுதிய பொய்க் கணக்கால் அடிபட்டவர். அதைச் சொல்லியிருக்கிறார். நான் அந்த நொடியிலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். "ஒரு நிமிஷம் சார்" என்று வெளியே வந்து முதலாளிக்குப் போன் செய்தேன்.

"நீயாப் போய் வாயக் குடுக்காத கருணா" என்றார் அவர். "காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம். ஆப் மேல தப்புன்னு நம்ம வாயால வரக்கூடாது. அவங்க விசாரிச்சுக்கட்டும்."

மதியம் அக்காவை வரவழைத்தார்கள். அலுவலகத்தில் சூப்பர்வைசர், நான், அவர். மூன்று பேர்தான். நாற்காலி காட்டினார்கள், உட்காரவில்லை. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சூப்பர்வைசர் புள்ளிகளைக் காட்டினார்.

"இந்த முப்பத்தேழு ஊட்டுக்கும் நீங்க நெசமாலும் போனீங்களா?"

"போனேனுங்க."

"அப்பறம் எப்பிடி எல்லாம் பாறை மேல இருந்து வருது? நாலு நிமிஷத்துல எப்பிடி நாப்பத்திரண்டு கேள்வி கேக்க முடியும்?"

"ஊட்டுல கேட்டேன். பாறையில எழுதுனேன். போன் மறந்துருதுங்க."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "அப்பிடி மறக்குமா சார்?"

என் வாயில் என்ன வந்தது என்பதை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "பொதுவா அப்படி ஆகாது. செக் பண்ணிப் பாக்கணும்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் மறுபடி, குரலைச் சற்று உயர்த்தி, "உண்மையச் சொல்லுங்க. போனீங்களா இல்லையா?" என்றார்.

அக்கா சன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களத்தான் கேக்கறேன்."

"சொல்லிட்டனுங்க" என்றார். பையிலிருந்து போனை எடுத்தார். உறையைப் பிரித்தார். மேசைமேல் வைத்தார். பால் பாக்கெட் உறையை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் இறங்கிப் போகும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு வேகம்.

மறுநாள் காலை நான் ஊருக்குக் கிளம்பினேன். மூன்று வாரம் முடிந்திருந்தது, கிளம்ப வேண்டிய நாள்தான். பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிச் சுற்றி இறங்கியது. எந்த வளைவில் அந்தக் கிழங்கு லாரி சாய்ந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கிவிட்டேன். என்னால் அந்தப் பஸ்ஸில் அதற்குமேல் உட்கார முடியவில்லை. டீக்கடைப் பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன்.

செயலி பதில்களைத்தான் தொலைத்ததே ஒழிய, ஒன்றை மட்டும் அனுப்பிவைத்திருந்தது. யாராவது புதிதாக ஒரு படிவத்தைத் திறந்தால், எந்த இடத்தில் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று ஒரு வரி பதிந்துகொள்ளும். சிக்னல் கிடைத்ததும் அந்த வரியைச் சர்வருக்கு அனுப்பிவிடும். நானே எழுதியதுதான், மறந்துபோயிருந்தேன். தேடினேன். முப்பத்தேழு வீடுகளும் இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு படிவம் திறந்திருந்தது. அரைமணி, முக்கால் மணி கழித்து அதே வாசலில் இன்னொரு படிவம், முதல் பக்கத்தோடு கைவிடப்பட்டது. கேமராவிலிருந்து திரும்பிவந்து, வெற்றுப் பக்கத்தைப் பார்த்து, ஒன்றும் பேசாமல் அவர் மூடிய தருணம். முப்பத்தேழு தடவை.

டீ ஆறிப்போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் மலை ஏறினேன்.

சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். கோளாறு என்னுடையது, எனக்கு முன்பே தெரியும், அந்தம்மா என்னிடம் சொன்னார், நான் செய்யவில்லை என்று சொன்னேன். அவர் திரையில் அந்த வாசல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "என் பக்கத்த மட்டும் அன்னைக்கே சரி பண்ணிக் குடுத்தீங்களே" என்றார். அதில் கோபம்கூட இல்லை. முதலாளி போனில் கத்தியதை இங்கே எழுத முடியாது. கேட்டுக்கொண்டே சரிசெய்யும் வேலையைத் தொடங்கினேன். ஒன்றரை நாள் ஆனது. அவ்வளவுதான் அது. ஒவ்வொரு பதிலும் தொட்டவுடனே போனுக்குள் பதியும். போன் செயலியை மூடினாலும், பேட்டரி தீர்ந்தாலும், திறந்தால் விட்ட கேள்வியிலேயே நிற்கும்.

போனை எடுத்துக்கொண்டு குண்டனி நாட்டுக்கு நடந்தேன். அவர் வீட்டு முன்னால் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. காலால் கிளறிவிட்டுக்கொண்டே பாயைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

"படிவமெல்லாம் ஏத்துக்கிட்டாங்க அக்கா. தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன். இனிமே மறக்காது. நீங்களே பாருங்க."

அவர் வாங்கினார். பாதி வரை நிரப்பினார். கேமராவைத் திறந்தார். போனை அணைத்தார். மறுபடி போட்டார். விட்ட கேள்வி அப்படியே நின்றது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னும் இருபத்திநாலு ஊடு இருக்குதுங்க" என்றார். "நாளைக்குப் போலாமுங்களா?"

அந்தக் கடைசி நாள் அவரோடு நடந்தேன். செயலி மறக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் வயதான ஒருவர், மகன்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, "ஒருத்தன் திருப்பூருல" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு எழுந்து மாட்டை மாற்றிக் கட்டப் போய்விட்டார். திரும்பி வரவில்லை. அக்கா காத்திருந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போனைப் பைக்குள் வைத்தார். அடுத்த வீட்டில் திறந்தபோது திரையில் வந்தது: "ஒரு படிவம் பாதியில் உள்ளது. தொடரலாமா?" வேண்டாம் என்று அழுத்தினார். அதற்கடுத்த வீட்டிலும் வந்தது. அதற்கும் அடுத்த வீட்டிலும்.

"ஏனுங்க," என்றார், "வேண்டாம்னு ஒருக்கா சொல்லிட்டேன். இது கேட்டுட்டே இருக்குதே. அந்தப் பெரியவரு சொல்ல மாட்டாருங்க. பாதியா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே."

நான் வழியிலேயே ஒரு மேட்டில் உட்கார்ந்தேன். லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கேள்வி ஒருமுறை மட்டும் வரும்படி மாற்றினேன். "இதற்குப் பதில் சொல்லவில்லை, இப்படியே அனுப்பு" என்று ஒரு பொத்தானும் வைத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அவர் என்னைச் சுற்றிக் குடையால் புல்லைத் தட்டிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். முடித்துக் கொடுத்ததும் பொத்தானை அழுத்தினார். அந்தப் பெரியவரின் படிவம் பாதியோடு போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் செம்மேட்டில் என்னைப் பஸ் ஏற்ற வந்தார். பஸ் வரத் தாமதமானது. அவர் நிறுத்தத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். நானும் கூடவே நடந்தேன். அவர் கேட்பார் என்று இரண்டு நாட்களாகக் காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு ஆபீஸ்ல உங்கள நிக்க வச்சுக் கேட்டப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்."

"தெரியுமுங்க."

"ஏன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே?"

அவர் நடையை நிறுத்தினார். யோசிக்கவில்லை, ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

"கேட்டா நீங்க ஏதாச்சும் ஒண்ணு சொல்லுவீங்க. சொன்னா நான் அத நம்போணுமில்லீங்க?"

பஸ் வந்துவிட்டது. "பாத்துப் போயிட்டு வாங்க" என்றார். நான் ஏறி இடம் பிடித்து வெளியே பார்ப்பதற்குள் அவர் பாதி ரோடு போயிருந்தார்.

இறங்கும் வழியெல்லாம் அந்த ஏன் என்பதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம், முதலாளியின் பேச்சு, பிறகு சரிசெய்துவிடலாம் என்ற எண்ணம். ஒவ்வொன்றாக வந்தன. எல்லாமே அவர் நம்பியிருக்கக்கூடிய பதில்கள். எதையும் என்னால் நம்ப முடியவில்லை.